ஃபைட்டர் மீன் வளர்ப்பு: புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேட்டா எனப்படும் ஃபைட்டர் மீனை வாங்கி வந்த முதல் சில மாதங்களில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் இன்னும் மீன் வாங்கவில்லை என்றால் முதல் ஐந்து கேள்விகளையாவது படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் சின்ன டம்ளரில்தானே வைத்திருக்கிறார்கள்? வீட்டிலும் அப்படியே வைத்தால் என்ன?

கடைக்காரருக்கு அந்த மீன் விற்கும்வரை உயிரோடு இருந்தால் போதும். அடிக்கடி தண்ணீர் மாற்றுவார், கொஞ்சமாகத்தான் தீனி போடுவார். நீங்கள் அதை மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்.

டம்ளரில் மற்ற மீன்கள் சீக்கிரம் செத்துவிடும், ஃபைட்டர் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதற்குக் காரணம் உண்டு. இதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால், அந்த உறுப்பு அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தண்ணீரை விட்டு வெளியே வந்து ஈரத்தரையில் ஊர்ந்து போகும் அளவுக்கு அதை உயிரோடு வைத்திருப்பது அதுதான். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் செடி மண்டிய ஆழமில்லாத நீர்நிலைகளிலும் வாழ்ந்த மீன் ஃபைட்டர். வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் அதற்குப் பழக்கம்தான்.

ஆனால் அந்த உறுப்பு மூச்சுக்கு மட்டுமே உதவும். மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா செவுளையும் தோலையும் துடுப்பையும் அரிப்பதை அது தடுக்காது. கோல்டு ஃபிஷ் அதே டம்ளரில் இருந்தால் சாயங்காலத்துக்குள் வாய் பிளந்து தவிக்கும், உங்களுக்கும் விஷயம் புரிந்துவிடும். ஃபைட்டர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. நாலு மாதம், ஆறு மாதம் மூலையில் சோர்ந்து கிடக்கும். "ரொம்ப அமைதியான மீன்" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த மீன் விஷயத்தில் "இன்னும் சாகவில்லையே" என்பதை நல்ல பராமரிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றியே இருக்கும்.

அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

குறைந்தது 10 லிட்டர். முடிந்தால் 20. நீளம் 40, அகலம் 25, உயரம் 25 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் மேலே மூன்று விரல் இடம் விட்டாலும் சுமார் 20 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு மீனுக்கு அது தாராளம். தண்ணீர் அளவு கூடக் கூட உங்கள் வேலை குறையும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு "முதலில் சின்னதாக ஆரம்பிப்போம்" என்கிறார்கள். 3 லிட்டரில் ஒரு வேளைத் தீனி மிஞ்சினாலும் தண்ணீர் கெட்டுவிடும். 20 லிட்டரில் அதே தவறு கரைந்து போகும்.

உயரத்தைவிட நீளம் முக்கியம். நீண்ட வால் உள்ள ஆண் மீனுக்கு ஒவ்வொரு வாய்க் காற்றுக்கும் மேலே ஏறி இறங்குவது சுமை. மூடி கட்டாயம் வேண்டும், இந்த மீன் நன்றாகத் துள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று நிற்க இடம் விடுங்கள்.

உருண்டைக் கிண்ணம் வேண்டாம். அதில் ஃபில்டர் பொருத்த முடியாது, மூடியும் கிடைக்காது.

காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு ஏர் பம்ப் எதற்கு?

மீனுக்காக இல்லை, ஃபில்டருக்காக. சின்ன தொட்டிக்கு ஸ்பான்ஞ் ஃபில்டர் போதும். விலை குறைவு, இழுவையும் மென்மையானது. ஏர் பம்ப் அந்த ஸ்பான்ஞ் வழியாகத் தண்ணீரை இழுக்கும், ஸ்பான்ஞின் துளைகளில் நல்ல பாக்டீரியா குடியேறும். குமிழி வேகமாக வந்து மீன் தள்ளாடினால் குழாயில் ஒரு சின்ன வால்வு மாட்டிக் காற்றைக் குறையுங்கள். மோட்டார் வைத்த பவர் ஃபில்டர்கள் பெரும்பாலும் இதற்கு அதிகம். நீளமான துடுப்பு அதன் வாயில் இழுபட்டுக் கிழியும்.

மின்வெட்டு பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் பம்ப் நின்றால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. புயல் நேரத்தில் நாள் கணக்கில் மின்சாரம் போனால் தீனியை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும், பம்பைப் போடும் முன்பு ஸ்பான்ஞை வெளியே எடுத்து, வாளியில் பிடித்த தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள். உள்ளே அழுகியது தொட்டியில் கலக்காது.

தொட்டியை "சைக்கிள்" பண்ண வேண்டும் என்கிறார்களே, அப்படியென்றால்?

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கல்லிலும் கண்ணாடியிலும் போதுமான அளவு வளர்வதைத்தான் சைக்கிள் ஆவது என்கிறோம். வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

சிறந்த வழி, மீன் வாங்கும் முன்பே தொட்டியைத் தயார் செய்வது. தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று வளரும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் என்றும் நைட்ரேட் மட்டும் இருக்கிறது என்றும் டெஸ்ட் கிட் காட்டினால் தொட்டி தயார். சொட்டு மருந்து போல வரும் திரவக் கிட் வாங்குங்கள், தாள் பட்டைகளைவிட நம்பகமானது. ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பான்ஞில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் கொண்டு வந்து உங்கள் ஃபில்டரோடு வைத்தால் பல வாரம் மிச்சம். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் மீனை வாங்கிய பிறகுதான் இதைப் படிப்பீர்கள். அப்போதும் வழி உண்டு. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். முதல் ஒரு மாதம் ஒன்று விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு விஷமாக இருப்பதில்லை. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால் அதன் விஷப்பகுதி சுமார் 10 மடங்காகும். வெப்பம் ஏறினாலும் கூடும். தமிழ்நாட்டின் போர் தண்ணீர் பெரும்பாலும் பிஹெச் கூடியது, கோடையில் சூடும் கூடியது. குளிர்நாட்டுக்காரர் காணொளியில் காட்டும் "இந்த அளவு பரவாயில்லை" என்ற கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அம்மோனியா இங்கே பூஜ்ஜியத்தில்தான் இருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? மெட்ரோ வாட்டரா, போரா, கேன் தண்ணீரா?

குழாய்த் தண்ணீர், அதாவது மாநகராட்சி அல்லது குடிநீர் வாரியத் தண்ணீர், நல்ல தேர்வு. அதிலிருக்கும் குளோரினை மட்டும் எடுக்க வேண்டும். அகலமான வாளியில் திறந்தபடி 24 மணி நேரம் வைத்தால் போகும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளைப் புட்டியில் சொன்ன அளவில் விடுங்கள். படிகமாக விற்பது சோடியம் தயோசல்பேட், அதுவும் இதே வேலையைச் செய்யும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் மிக அதிகமாக இருக்கும். மூக்கில் ஏறும் வாசனை வந்தால் அந்தத் தண்ணீரை மீன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, உப்பும் கடினத்தன்மையும்தான் தொல்லை. வாளியில் வெள்ளைப் படலம் படிகிற, சோப்பு நுரைக்காத தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஓரளவு கடினத்தன்மையை ஃபைட்டர் பழகிக்கொள்ளும். பண்ணையில் எந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததோ அதுவே அதற்கு வசதி. பிஹெச் 6.5 முதல் 8 வரை எங்கிருந்தாலும், அது நிலையாக இருந்தால் மருந்து போட்டு மாற்றப் போகாதீர்கள். நிலையான 7.8, திங்கள் 7, வியாழன் 7.6 என்று ஆடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆர்ஓ அல்லது கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. "நாம் குடிப்பதுதானே, சுத்தமாகத்தானே இருக்கும்" என்பார்கள். அதில் தாதுக்கள் மிகக் குறைவு. பிஹெச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் சில நாளில் அது சரியும். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, அதனால் தவிர்க்கலாம்.

வாரம் ஒரு முறை மீனை வெளியே எடுத்துத் தொட்டியைப் பளிச்சென்று கழுவுகிறேன். ஆனாலும் மீன் சோர்வாக இருக்கிறதே?

சோர்வுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கல்லையும் கண்ணாடியையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவும்போது மேலே சொன்ன பாக்டீரியா எல்லாம் போய்விடுகிறது. ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டி தொடங்குவதாகத்தான் ஆகும். மீன் ஒரே நிமிடத்தில் வேறொரு வெப்பநிலைக்கும் வேறொரு பிஹெச்சுக்கும் தூக்கிப் போடப்படுகிறது.

ஃபில்டர் உள்ள 20 லிட்டர் தொட்டிக்கு வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். 10 லிட்டர் என்றால் வாரம் இரண்டு முறை. சைஃபன் குழாயால் அடியில் தங்கிய கசடை உறிஞ்சி எடுங்கள், மீன் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். புதுத் தண்ணீர் தொட்டியின் சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கொதிக்கும். ஸ்பான்ஞை மாதம் ஒரு முறை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள். சோப்பு எதிலும் படக் கூடாது.

சென்னையில் ஹீட்டர் தேவையா?

பெரும்பாலும் வேண்டாம். ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் சரி. சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் அந்த அளவிலோ அதற்கு மேலோதான் இருக்கும். விதிவிலக்கு இரவு முழுக்க ஏசி ஓடும் அறை. பகலில் 30, விடியற்காலையில் 22 என்று தினமும் ஏறி இறங்குவது மீனை நோயில் தள்ளும். ஏசி இல்லாத அறைக்குத் தொட்டியை மாற்றினாலே போதும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசிகளுக்கும் பெங்களூரின் குளிர்காலத்துக்கும் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் வேண்டும். சின்ன தொட்டிக்கு 25 வாட் போதும். மலையில் 50 வாட் வாங்குங்கள்.

இங்கே மே மாதம்தான் பெரிய தொல்லை. தண்ணீர் 32ஐத் தாண்டினால் தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்துங்கள். மூடிக்குப் பதில் வலை போட்டு மேலே மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ்கட்டியை நேரடியாகப் போடாதீர்கள். ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் இதையெல்லாம் ஊகத்தில் செய்வதில் அர்த்தமில்லை.

தொட்டியில் காய்ந்த இலை போடுகிறார்களே, அது என்ன?

நம் தெருவோர வாதாங்கொட்டை மரத்தின் இலை, அதாவது நாட்டு வாதுமை. கடைகளில் பளபளப்பான உறையில் போட்டு விலைக்கு விற்கிறார்கள். உங்கள் தெருவில் சும்மா உதிர்ந்து கிடக்கும். தானாகப் பழுத்து விழுந்து பழுப்பாகக் காய்ந்த இலையை மட்டும் எடுங்கள். பச்சை இலை வேண்டாம். சாக்கடையோரத்தில் கிடந்ததும் பூச்சிமருந்து அடித்த மரத்தின் இலையும் வேண்டாம். கழுவி, கொதிநீரில் சில நிமிடம் ஊறவைத்து, 20 லிட்டருக்கு ஒரு பெரிய இலை போடுங்கள். தண்ணீர் பால் ஊற்றாத லேசான டீ நிறத்துக்கு மாறும். அழுக்கு என்று பதறித் தண்ணீரை மாற்ற வேண்டாம், அது இலையிலிருந்து இறங்கும் டானின். வெளிச்சத்தைக் குறைக்கும், கிருமி வளர்ச்சியையும் ஓரளவு மட்டுப்படுத்தும். இலை மட்கிச் சல்லடையானதும் எடுத்துவிட்டுப் புதிது போடலாம். கடினமான போர் தண்ணீரில் இது பிஹெச்சைக் குறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம், பெரிய மாற்றம் வராது.

மற்றபடி அலங்காரத்துக்கு உயிருள்ள செடி நல்லது. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் கல்லில் கட்டிவிட்டால் போதும். வேலம்பாசியும் நன்றாக வளரும். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிட்டால் நைட்ரேட்டை உறிஞ்சும். பிளாஸ்டிக் செடி வாங்கினால் மெல்லிய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் மீனின் துடுப்பும் மாட்டும்.

என்ன தீனி, எவ்வளவு?

ஃபைட்டர் புழு பூச்சி தின்னும் மீன். கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற பொரியும் சோறும் பிஸ்கட்டும் இதற்கு ஆகாது. ஃபைட்டருக்கென்று விற்கும் சிறு உருண்டைத் தீனியில், முதல் மூலப்பொருள் மீன் அல்லது இறால் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று உருண்டை. அவ்வளவேதான். வாரம் ஒரு நாள் பட்டினி போடலாம். "பாவம், பசியோடு பார்க்கிறது" என்று தோன்றும். கண்ணாடி அருகே யார் வந்தாலும் அது அப்படித்தான் பார்க்கும்.

பெரிய டப்பா வாங்காதீர்கள். நம் ஈரக்காற்றில் திறந்த தீனி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

வாரம் ஓரிரு முறை உறைந்த பிளட்வார்ம் (செம்புழு), ஆர்ட்டீமியா, டாஃப்னியா (இரண்டும் இறாலுக்கு உறவான மிகச்சிறு உயிர்கள்) கொடுக்கலாம். கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. நோயையும் சேர்த்துத் தொட்டிக்குள் கொண்டுவரும். கொசுப்புழு அருமையான உணவு, மீன் பாய்ந்து பாய்ந்து தின்னும். ஆனால் அதற்காக மொட்டைமாடியில் வாளியில் கொசு வளர்க்காதீர்கள். டெங்கு ஆய்வுக்கு வரும் ஊழியர்களிடம் "மீனுக்காக" என்று சொன்னால் எடுபடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். மீனை என்ன செய்வது?

நாலைந்து நாள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் பட்டினி தாங்கும். கிளம்பும் முந்தைய நாள் தண்ணீர் மாற்றுங்கள், கிளம்பும் அன்று வழக்கத்தைவிட அதிகம் போடாதீர்கள். பத்து நாளுக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். ஆனால் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் மூன்று உருண்டையாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். விடுமுறையில் இறக்கும் மீன்களைக் கொல்வது பெரும்பாலும் பசி இல்லை, அன்பு.

கடையில் எந்த மீனைத் தேர்ந்தெடுப்பது?

சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் ஃபைட்டர்கள். நிறத்தை மறந்துவிட்டு முதலில் நடத்தையைப் பாருங்கள். விரலைக் கண்ணாடி அருகே கொண்டுபோனால் திரும்பிப் பார்க்க வேண்டும். துடுப்புகள் விரிந்திருக்க வேண்டும், உடலோடு ஒட்டி மடங்கியிருந்தால் வேண்டாம். உடலில் வெள்ளைப் புள்ளி, பொன்தூள் தூவியது போன்ற படலம், வீங்கிய வயிறு, பஞ்சு போன்ற வளர்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு உருண்டை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சாப்பிட்டால் நல்லது.

வகையைப் பொறுத்தவரை என் சாய்வு வெளிப்படையானது. புதியவர்கள் பிளாகட் வாங்குங்கள். குட்டை வால், கட்டான உடல், சுறுசுறுப்பு. ஹாஃப்மூன் வாலை 180 டிகிரி விரிக்கும்போது அழகுதான். ஆனால் அந்தச் சுமையை இழுத்துக்கொண்டு நீந்த முடியாமல் சில மீன்கள் தம் வாலையே கடித்துக்கொள்ளும். தடித்த உலோகச் செதில் கொண்ட டிராகன் வகைகளில் சிலவற்றுக்கு வயதாக ஆகச் செதில் கண்ணின் மேலேயே வளர்ந்து பார்வையை மறைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியில் விடலாமா?

பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். அரைமணி கழித்து மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். புது மீன் மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம்.

துணைக்கு இன்னொரு மீன் விடலாமா?

அதற்குத் துணை தேவையில்லை. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது, ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாகச் சேர்த்து வைக்கவும் கூடாது. பல பெண் மீன்களை ஒன்றாக வளர்ப்பது அனுபவசாலிகளுக்கே பல நேரம் கைகூடுவதில்லை. கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும். கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் அதிகம். ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் ஒரு நத்தை விடுங்கள். 60 லிட்டர் தொட்டி இருந்தால் அடியில் மேயும் சிறு மீனான கோரிடோராஸ் கூட்டம் பற்றி யோசிக்கலாம். அப்போதும் உங்கள் மீனின் குணம்தான் முடிவு செய்யும்.

கண்ணாடி காட்டினால் துடுப்பை விரிக்கிறதே, தினமும் காட்டலாமா? நண்பன் தன் மீனோடு சண்டை விடலாம் என்கிறான்.

கண்ணாடியை ஓரிரு நிமிடம், எப்போதாவது காட்டலாம். நாள் முழுக்கத் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டினால் மீன் ஓய்ந்துவிடும். தொட்டியின் ஒரு பக்கம் இருட்டாக இருந்து கண்ணாடியே பிம்பம் காட்டினால் பின்னால் காகிதம் ஒட்டுங்கள்.

சண்டை விடுவதற்கு நண்பனிடம் முடியாது என்று சொல்லுங்கள். தாய்லாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பந்தயத்துக்கு வளர்க்கப்பட்ட மீன் இது, அந்தக் குணம் ரத்தத்தில் இருக்கிறது. அதே தாய்லாந்து 2019இல் இதைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் மனிதனைத் தவிர உயிருள்ள எல்லாவற்றையும் விலங்கு என்றே கணக்கில் எடுக்கிறது. வேடிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவது அதில் குற்றம்.

தண்ணீரின் மேல் நுரை கட்டியிருக்கிறது. நோயா?

ஆண் மீன் கட்டிய குமிழிக் கூடு. பெண் இல்லாவிட்டாலும் கட்டும். சந்தோஷத்தின் அடையாளம் என்பார்கள், அழுக்குத் தண்ணீரிலும் கட்டும். கட்டவில்லை என்று வருந்தவும் வேண்டாம்.

வாங்கும்போது வெள்ளையும் நீலமுமாக இருந்தது. இப்போது கறுப்பாகிறது!

மார்பிள், கோய் வகைகள் வாழ்நாள் முழுக்க நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அது பரம்பரைக் குணம். நன்றாகச் சாப்பிட்டுச் சுறுசுறுப்பாக இருந்தால் கவலையில்லை. எல்லா நிறமும் ஒரே சமயம் மங்கி, மீனும் சோர்ந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஓர் ஆறுதல். ஃபைட்டர் இலைமேல் சாய்ந்து தூங்கும், சில சமயம் அடியில் ஒருக்களித்துப் படுக்கும். தீனி காட்டியதும் எழுந்து வந்தால் அது ஓய்வுதான்.

உப்புப் போட்டது போல வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உடம்பைத் தேய்ப்பது என்றால் வெண்புள்ளி நோய். இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது பொன்தூள் தெரிந்தால் வெல்வெட், இது வேகமாகப் பரவும். வாலில் ஒரே இரவில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போனால் மீன் தானே கடித்தது. ஓரம் கறுத்து, நாளுக்கு நாள் நைந்து குறைந்தால் துடுப்பழுகல். அதில் பெரும்பகுதி, இரண்டு வாரம் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே நின்று, கண்ணாடி போன்ற புதுத் துடுப்பு வளர ஆரம்பிக்கும். வயிறு உப்பித் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதந்தால் பெரும்பாலும் அதிகத் தீனி. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். அது புழு தின்னும் மீனுக்கு உகந்ததில்லை, டாஃப்னியா மேல். செதில்கள் எல்லாம் வெளியே தூக்கி நின்று உடல் வீங்கினால் உள்ளுறுப்புகள் பழுதாகிவிட்டன என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீள்வது அரிது.

எந்த அறிகுறியானாலும் மருந்து வாங்க ஓடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்து, மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

மஞ்சள் தூள், கல்லுப்பு, மெடிக்கலில் வாங்கிய கேப்சூல் போடலாமா?

மஞ்சள் தூள் வேண்டாம். தண்ணீரைக் கலக்கிக் கெடுப்பதைத் தவிர அதனால் பயனில்லை.

உப்பு பயன்படும், அளவோடு. 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பை, தனிப் பாத்திரத்தில் கரைத்து, நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் திரும்பச் சேருங்கள். ஏழு முதல் பத்து நாளில் நிறுத்திவிட வேண்டும். செடியும் நத்தையும் இருந்தால் மீனைத் தனி டப்பாவில் வைத்துச் செய்யுங்கள். எப்போதும் உப்புத் தண்ணீரிலேயே வைப்பது தவறு, இது நன்னீர் மீன்.

மனிதருக்கான ஆன்டிபயாடிக் கேப்சூலை உடைத்துப் போடுவது நம் ஊரில் பெரிய பழக்கமாகிவிட்டது. நோய் பாக்டீரியாவா, ஒட்டுண்ணியா என்றே தெரியாமல் போடுவதால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியா சாகும், மீனுக்கு அடுத்த தொல்லை அம்மோனியா. மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தையும் பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள், தனி டப்பாவில் மட்டும்.

குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். ஒரு முறையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வரலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிருணவு வேண்டும். மூன்று மாதத்தில் ஆண்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று பதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எத்தனை வருடம் வாழும்?

நல்ல பராமரிப்பில் மூன்று வருடம், சில அதற்கும் மேல். கடையில் வால் முழுக்க வளர்ந்து நிற்கும் ஆண் மீனுக்கு ஏற்கெனவே ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். வாங்கி இரண்டு வருடத்தில் இறந்தால் அது உங்கள் தவறாக இருக்க வேண்டியதில்லை.

இனி பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஏரியில் விட்டுவிடலாமா?

கூடாது. வெளிநாட்டு மீன் புதிய நீர்நிலையில் பெருகினால் அங்குள்ள சிறு மீன்களுக்கு ஆபத்து. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் இப்படி விடப்பட்ட ஃபைட்டர்கள் இயற்கை நீர்நிலைகளில் பெருகியிருக்கின்றன. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், டம்ளரில் வளர்ந்த வண்ண மீனைக் கொக்கு முதல் நாளே கொத்திவிடும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பல கடைகள் பணம் தராமல் வாங்கிக்கொள்வார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொட்டியோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னால் யாராவது வருவார்கள்.

மீன் இறந்துவிட்டது. அதே தொட்டியில் புது மீன் விடலாமா?

வயதாகி இறந்திருந்தால் பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு விடலாம். ஆனால் நடுவில் வாரக்கணக்கில் தொட்டி காலியாக இருந்தால் பாக்டீரியா பட்டினியில் குறையும், தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வையுங்கள். வெல்வெட், வெண்புள்ளி போன்ற தொற்றில் இறந்திருந்தால் எல்லாவற்றையும் காலி செய்து, கொதிநீர் தாங்கும் பொருட்களைக் கொதிநீரிலும் மற்றவற்றை நீர்த்த பிளீச்சிங் கரைசலிலும் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, சைக்கிளை முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய ஸ்பான்ஞைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், புதிதின் விலை ஒரு மீனைவிடக் குறைவு. இறந்த மீனைக் கழிப்பறையிலோ கால்வாயிலோ போடாமல், பூனை தோண்டாத ஆழத்தில் ஒரு பூந்தொட்டியில் புதையுங்கள்.